வாந்திபேதி யார் கோபத்தால் வருகிறது?

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வியாதி என்பதாகும். நாம் வைத்தியரல்ல, பெரிய படிப்புப் படித்தவருமல்ல. படித்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்து, நமது புத்திக்குச் சரியென்று பட்டதை உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். கேட்டு, யோசித்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

வியாதி ஏன் வருகிறது என்று கேட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? தலைவிதி என்கிறார்கள், பூர்வஜென்ம பாவம் என்கிறார்கள், ஊர்த் தேவதைக்குக் கோபம் என்கிறார்கள். வங்காளத்தில் வாந்திபேதிக்கென்றே ஓலாதேவி என்று ஒரு தேவதையை உண்டாக்கி வைத்தார்கள். தேவதையின் கோபம் என்றால் அதற்கு ஒரு நியாயம் இருக்க வேண்டாமா? பால் குடிக்கும் குழந்தை என்ன குற்றம் செய்தது? பொங்கல் வைத்தவன் வீட்டிலும் சாவு, வைக்காதவன் வீட்டிலும் சாவு என்றால் அது என்ன கோபம்?

நம் நாட்டார் மாத்திரம் ஏமாந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். 1854-ம் வருஷத்தில் லண்டன் பட்டணத்து பிராட் வீதிப் பக்கத்தில் வாந்திபேதி கண்டு சுமார் 600 பேர் மாண்டார்கள். கெட்ட காற்றே காரணம் என்று அந்நாட்டு வைத்தியர்களே பெரும்பாலோர் சொன்னார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் அதை ஒப்பவில்லை. செத்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். அநேகமாய் எல்லோரும் அந்த வீதிக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள்! பக்கத்திலிருந்த பீர் சாராயசாலைத் தொழிலாளிகள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை, பிழைத்தார்கள். குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார் ஸ்நோ.

அவ்வூரிலிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார், ஸ்நோ சொல்வது தப்பு என்று காட்டவே விசாரிக்கப் புறப்பட்டார். விசாரித்ததில் ஸ்நோ சொன்னதே சரியாயிற்று. நோய்கண்ட ஒரு குழந்தையின் துணியை அலசின அழுக்குத் தண்ணீர், கிணற்றை ஒட்டிய மலக்குழிக்குள் போனதையும் அவரே கண்டுபிடித்தார். தம் அபிப்பிராயம் தவறென்று கண்டதும் ஒப்புக்கொண்டாரே, அந்த நாணயத்தைத்தான் நாம் பகுத்தறிவு என்கிறோம்.

பிறகு 1884-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்து, ஜனங்கள் குளித்து, துணி துவைத்து, அதையே குடித்துவந்த ஒரு குளத்துத் தண்ணீரில் அந்தக் கிருமியைக் கண்டார். கமா என்ற நிறுத்தற் குறிபோல் வளைந்த பூச்சி. மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில்தான் தெரியும். பாக்டீரியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அது குடலுக்குள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷத்தால் உடம்பிலுள்ள உப்பும் தண்ணீரும் குடல் வழியாகக் கொட்டிப் போகின்றன. விஷம்தான் காரணம் என்று 1959-ல் முயலின் குடலில் சோதித்து மெய்ப்பித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே என்பவர். இதில் கோபம் எங்கே, சாபம் எங்கே?

ஒருவன் மலம் இன்னொருவன் வாய்க்குப் போவதே இந்த வியாதியின் வழி. தண்ணீரில் போகும், கையில் போகும், ஈயின் காலில் போகும். பிறத்தியான் தொட்டால் தீட்டு என்று தலை முழுகுகிறவர், ஆயிரம் பேர் முழுகின குளத்துத் தண்ணீரைத் தீர்த்தமென்று குடிக்கிறார். கிருமி அவர் பூணூலைப் பார்த்துத் திரும்பிப் போகுமா?

இது நிற்க, நம் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறோம். நமக்குப் பத்து வயதிருக்கும்போது நம் தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் தண்ணீரை நிறுத்தினார்கள். நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்ட குழந்தைக்கு விபூதி வைத்தார்கள். விடிவதற்குள் போய்விட்டாள். அவர்கள் அன்பில்லாதவர்களல்ல, அறியாதவர்கள்.

ஆனால், அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே வழி கண்டாகிவிட்டது! 1971-ல் வங்காளதேச யுத்தத்தில் ஓடிவந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுகோஸும் கரைத்த தண்ணீரை வாயால் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. அந்தச் சேதி நம் வீட்டுக்கு வரவில்லை. அதனால்தான் இன்று ஊரூராய் இதைச் சொல்லித் திரிகிறோம்.

தாய்மார்களே, மனதில் வையுங்கள். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர். தலை தட்டின தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. அளவு தப்பக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்துக்கொண்டேயிருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கான பொட்டலமும் கிடைக்கும். குழந்தை துவண்டாலும், கண் குழிந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வைரஸ் என்பது இன்னொரு இனம். பாக்டீரியாவிலும் மிகச் சிறியது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்துதான் பெருகும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து இதை ஒன்றும் செய்யாது. ஆகையால் ஒவ்வொரு சளிக்கும் அந்த மாத்திரையை வாங்கி விழுங்குவதும் ஒரு மூடநம்பிக்கையே. சில வைரஸை வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டினோமே, அந்தப் பெரியம்மையும் வைரஸ்தான். ஊர் ஊராய் அம்மை குத்தியதில் 1977-க்குப் பிறகு அது உலகத்தில் எங்கும் தானாகப் பரவவில்லை. ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கோயில்கள் இருக்கின்றன, கூழ் ஊற்றுகிறோம், பெரியம்மை எங்கே? ஊசிக்குப் பயந்தா ஆத்தாள் ஓடிவிட்டாள்?

ஆகவே தோழர்களே, வியாதி வந்தால் யார் கோபம் என்று கேட்காதீர்கள். எந்த வழியாய் வந்தது என்று கேளுங்கள். வழி தெரிந்தால் அடைக்கலாம். திருவிழாவுக்கு வசூல் செய்யும் ஊர், குடிநீர்த் தொட்டியைக் கழுவவும் கக்கூஸ் கட்டவும் வசூல் செய்யட்டும். தண்ணீர் கேட்டுத் தவித்து இனி ஒரு குழந்தையும் சாகக்கூடாது.