தாவரங்களின் உறக்கமும் விழிப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒளியும் வெப்பமும் இலைகளையும் மலர்களையும் எவ்வாறு அசைக்கின்றன என்பது குறித்துச் சில கருத்துக்களைக் கூற விழைகின்றேன். கல்விச் சங்கத்தின் விழாவில் செடிகொடிகளின் கதை எதற்கு என்று எண்ண வேண்டா. அக்கதைக்கும் நம் வாழ்வுக்கும் உள்ள உறவு போகப்போகப் புலப்படும்.

சென்னை நகரச் சாலைகளில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அந்தி சாயும்போது அதன் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்து கொள்ளும். பொழுது விடிந்ததும் விரியும். வானம் இருண்டாலும் குவியும். புளியும் அகத்தியும் இவ்வாறே உறங்குபவை. பத்துமணிப் பூ வெயில் ஏறினால் மலரும். அந்திமந்தாரை வெயில் தாழ்ந்தபின் மலரும். விரியும் பருவத்து மலருக்கும் காலத்துக்கும் 'போது' என்னும் ஒரே சொல்லை வழங்கியவர் நம் முன்னோர். மலருக்கும் பொழுதுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் உற்று நோக்கியிருந்தனர்.

இவ்வசைவு நிகழ்வது எங்ஙனம்? இலைக் காம்பின் அடியில் பருத்த முடிச்சு ஒன்று உண்டு. அதனைப் பல்வைனஸ் என்பர். அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசிய உப்பும் அதைத் தொடர்ந்து நீரும் வெளியேற, அப்பக்கம் தளர்கிறது, மறுபக்கம் நீரேற்றுப் புடைக்கிறது, இலை மடிகிறது. குளிர்நாட்டுத் துலிப் மலரில் வேலை செய்வது வெப்பம். வெப்பம் மிகுந்தால் இதழின் உட்புறம் விரைந்து வளர்ந்து மலர் விரிகிறது. குளிர்ந்தால் வெளிப்புறம் விரைந்து வளர்ந்து மலர் கூம்புகிறது.

ஒளியே முழுக் காரணமா என்று 1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் ஐயுற்றார். நாள்தோறும் இலை மடிக்கும் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். இருளிலும் அது காலையில் விரித்தது; மாலையில் மடித்தது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டென்பதும், ஒளியும் வெப்பமும் அதனை நாள்தோறும் சரிசெய்கின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயின. பழ ஈக்களில் இத்தகைய கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஆராய்ந்த ஒரு மரத்தின் வரலாற்றுக்கு வருவோம். இன்று வங்காள தேசத்தில் உள்ள பரீத்பூரில் சாய்ந்து வளர்ந்த ஓர் ஈச்ச மரம் இருந்தது. காலையில் நிமிர்ந்து நிற்கும் அம்மரம், மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் ஓலைகள் தரையைத் தொடுமளவு தலை தாழ்ந்து கிடந்தது. மரம் இறைவனை வணங்குகிறது என்று மக்கள் திரள் திரளாக வந்து காணிக்கை செலுத்தினர். போஸ் தம் கருவியை அதில் பொருத்த விரும்பியபோது, மரத்தின் உரிமையாளர் தயங்கினார். கருவி இந்நாட்டில் செய்யப்பட்டது என்றும், அதனைப் பொருத்தப்போகும் உதவியாளர் ஒரு புரோகிதரின் மகன் என்றும் உறுதி கூறிய பின்னரே அவர் இசைந்தார்.

பெரியோர்களே, மரத்தைத் தொடுவதற்கும் பிறப்பு கேட்கப்பட்டது! ஆனால் கருவி யாருடைய பிறப்பையும் கேட்கவில்லை. இரவு பகலாக அது வரைந்த கோடு காட்டியது இதுவே: வெப்பநிலை ஏற ஏற மரம் தாழ்ந்தது, இறங்க இறங்க நிமிர்ந்தது. பின்னர் மரம் பட்டுப்போயிற்று, அசைவும் நின்றது. அது பக்தியால் விளைந்த வணக்கமன்று, வெப்பத்திற்கு உயிருள்ள திசுக்கள் காட்டிய எதிர்விளைவே என்று போஸ் நிறுவினார்.

இத்தகைய நோக்கு அவருக்கு எங்கே வாய்த்தது? அவருடைய தந்தையார் உயர் அலுவலர். ஆயினும் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே தம் வலப்புறம் தந்தையாரின் முஸ்லிம் ஊழியர் மகனும் இடப்புறம் ஒரு மீனவர் மகனும் அமர்ந்திருந்ததையும், அவர்கள் கூறிய பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தம்முள் விதைத்திருக்கலாம் என்பதையும் 1915ஆம் ஆண்டு விக்கிரம்பூர் மாநாட்டில் அவரே எடுத்துரைத்தார். தீண்டத்தகாதவர் எனப்பட்ட அத்தோழர்களுக்கும் தம் தாயார் வேறுபாடின்றி உணவளித்ததை நன்றியுடன் நினைவுகூர்ந்தார். இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளே, அறிவியலுக்கு முதல் வித்திட்டவர் பட்டியலில் உங்களைப் போன்ற ஒரு சிறுவனும் உண்டு!

1885ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் போஸ் பணியேற்றபோது, ஐரோப்பியருக்குரிய ஊதியம் இந்தியருக்கு இல்லை என்றனர். மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது. உரிமைக்குப் போராடியவரும் அவரே. மரத்தின் உண்மையைக் கண்டவரும் அவரே.

மாணவச் செல்வங்களே, நம் பள்ளிகள் பலவற்றில் ஆய்வுக்கூட வசதி போதாமையை நான் அறிவேன். இந்த ஆய்வுக்கோ பெரும் பொருள் வேண்டா. தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை மண்சட்டியில் வைத்து, ஒளி புகாத பெட்டியால் மூடி, குறித்த நேரங்களில் திறந்து பார்த்து எழுதுங்கள். துறைமுகத்து விளக்குகளும் ஆலை விளக்குகளும் இரவைப் பகலாக்கும் பகுதி நம்முடையது. விளக்கடியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் இருளில் நிற்கும் மரமும் ஒரே நேரத்தில் உறங்குகின்றனவா? ஒரு மாதம் பார்த்துக் குறித்தால், விடையை நீங்களே கூறலாம்.

"இது பிறவி இயல்பு, மாற்ற முடியாது" என்று நம்மைப் பற்றிப் பலகாலம் கூறி வந்தனர். நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் வாரா என்றனர். அவ்வாறு கூறுவோரிடம், "அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்கும் துணிவைத் தருவதே கல்வி. வணங்குவதாகக் கருதப்பட்ட மரம் வணங்கவில்லை என்பது அளந்து பார்த்த பின்னரன்றோ தெரிந்தது! அந்தத் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டிவரும் இச்சங்கம் பல்லாண்டு வளர்க என வாழ்த்துகின்றேன்.