விற்பனை மென்பொருளைத் தாமே பயிலும் முறை
(நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது வாலிபரும், மணமாகி இல்லத்திலிருக்கும் படித்த பெண்டிரும், உத்தியோகத்தின் பொருட்டுச் 'சேல்ஸ்போர்ஸ்' என்னும் விற்பனை மென்பொருளைப் பயில விரும்புகின்றனர். விருப்பம் தக்கதே. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 1999-ம் வருஷத்தில் மார்க் பெனியாப் முதலியோர் தொடங்கிய அந்நிறுவனத்தின் மென்பொருளை இன்று பல தேசத்து வியாபார ஸ்தாபனங்கள் கையாளுகின்றன. பயிலும் வழியைக் குறித்தே நாம் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பெற்றோர் நகையை அடகு வைத்துப் பயிற்சிக்கூடங்களுக்குப் பணங் கட்டுகின்றனர். பிள்ளைகளோ வினாவிடைகளை நெட்டுருச் செய்து சான்றிதழ் பெற்று, உத்தியோகம் கொடுப்போர் "நீர் இதனைக்கொண்டு என்ன செய்திருக்கிறீர்?" என்று வினவுமிடத்து வாய் திறவாது நிற்கின்றனர்.

பயிற்சிக்குரிய சாதனமோ இலவசமாகவே கிடைக்கின்றது. 'டிரெயில்ஹெட்' என்னும் பாடசாலையை அந்நிறுவனமே 2014-ம் வருஷமுதல் நடத்திவருகிறது. 'டெவலப்பர் எடிஷன்' என்ற பயிற்சிக் களத்தையும் விலையின்றித் தருகிறது. எனினும் பாடங்களை முடித்துச் சின்னங்களைச் சேர்ப்பது மட்டும் போதாது. நம் முன்னோர் சிட்டையும் பேரேடும் பழகியது கடைத் திண்ணையிலன்றோ?

ஆதலின் ஒரு கடையைத் தேர்ந்துகொள்க. பம்பு செட்டு வியாபாரம் செய்யும் மாமன் கடையென்று வைத்துக்கொள்வோம். கணினியைத் தொடுமுன் ஒரு வாரம் அக்கடையில் அமர்ந்து, யார் வந்து விலை கேட்கிறார், யாருக்குக் கொட்டேஷன் போயிற்று, வாங்காமற் போனவர் ஏன் போனார் என்பவற்றைக் காகிதத்தில் எழுதுக. இவ்வேலையை இளைஞர் வீணென்று எண்ணுவர். நமக்கு இதுவே பாதிக் கல்வியாகத் தோன்றுகிறது.

பின்னரே களத்தில் இறங்கவேண்டும். விலை கேட்டு வந்தவர் 'லீட்'. அவர் மெய்யாகவே வாங்கக்கூடியவரென்று தெளிந்து அதனை மாற்றுங்கால், ஸ்தாபனம் 'அக்கவுண்ட்' ஆகவும், ஆள் 'காண்டாக்ட்' ஆகவும், எதிர்பார்க்கும் விற்பனை 'ஆப்பர்ச்சூனிட்டி' ஆகவும் பிரியும். (அக்கவுண்ட் என்றவுடன் நம்மவர் பற்றுவரவை நினைப்பர், அஃதன்று, வாங்கும் கட்சிக்காரரே அது.) விற்பனை கைநழுவிற்றென்று குறிப்பவர் காரணத்தை எழுதாவிடில் பதிவை ஏற்காதவாறு ஒரு விதி அமைக்க. மாமன் இதுவரை அறியாத செய்தி அதனால் வெளிப்படும்.

பழுதுபார்ப்புக்கென ஒரு புதிய பதிவேட்டை உண்டாக்கி, அதனைக் கட்சிக்காரரோடு 'லுக்கப்' முறையில் ஒருதரமும் 'மாஸ்டர்-டீடெயில்' முறையில் ஒருதரமும் இணைத்துப் பார்க்க. பின்னதில் தலைப்பதிவை அழித்தால் கிளைப்பதிவுகளும் அழியும். ஆனால் கூலித்தொகைகளைத் தானே கூட்டிக் காட்டும் வசதி அதிலேதான் உண்டு. புத்தகத்தில் பத்துமுறை படித்தும் மனத்தில் தங்காத இவ்வேற்றுமை, மாதிரிப் பதிவுகளை ஒருமுறை அழித்துப் பார்த்தவர்க்கு மறவாது.

கொட்டேஷன் கொடுத்து மூன்று நாள் சென்றபின் நினைவூட்டும் ஏற்பாட்டை 'ஃப்ளோ' கொண்டு செய்க. பழைய பாடங்கள் 'வொர்க்ஃப்ளோ ரூல்', 'பிராஸஸ் பில்டர்' என்பவற்றைப் போதிக்கும். அவற்றுக்குரிய ஆதரவு 2025-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு முடிவதென நிறுவனம் அறிவித்தமையால், அவற்றில் காலம் போக்க வேண்டுவதில்லை. ஒரு குமாஸ்தாவின் விசாரணைகளை மற்றொருவர் காணாமலும், முதலாளி யாவையும் காணுமாறும் அமைப்பது அடுத்த அப்பியாசம். அமைத்தபின் குமாஸ்தாவின் பெயரால் நுழைந்து சோதியாமல் முடிந்ததென்று கொள்ளற்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. உறவினர் கடையாயினும், வாடிக்கைக்காரரின் மெய்ப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் பயிற்சிக் களத்தில் ஏற்றலாகாது. தனிநபர் விவரப் பாதுகாப்புக்கென நம் தேசத்தில் 2023-ம் வருஷத்தில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. பெயர்களை மாற்றுக, ஆனால் குறைகளை மாற்றற்க. ஒரே கடை மூன்று விதமாய் எழுதப்பட்டிருப்பதும் எண்ணில் ஓரிலக்கம் குறைந்திருப்பதும் அவ்வாறே இருக்கட்டும். அவற்றைத் துப்புரவு செய்வதற்கே பின்னாளில் சம்பளம் தருவர்.

உத்தியோகம் வேண்டாது தம் கடைக்கே இவ்வித்தையை விரும்புவோர், நம் நாட்டு 'ஸோஹோ' நிறுவனத்தின் மென்பொருளைப் பார்க்கலாம். மூன்று பேர் வரை பயன்படுத்த இலவசப் பதிப்பு உண்டு. ஒன்றில் கைபழகியவர்க்கு மற்றொன்று அரிதன்று.

வேலை முடிந்தபின் இரண்டு பக்கத்தில் விவரம் எழுதி வைக்க. கடையின் தொல்லை யாது, எவ்வழிகளை ஆராய்ந்தோம், ஏன் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளினோம் என்பனவே அதில் இருக்கவேண்டியவை. நேர்முகப் பரீட்சைக்குச் செல்வோர் சான்றிதழுக்கு மேலாக அதனை வைத்துக் கொடுக்கட்டும். இப்போது பயின்றுவரும் பிள்ளைகள் தத்தம் இரண்டு பக்கங்களை அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவருவார்களாயின், கடை நடத்தும் பெரியோர்களைக் கொண்டே அவற்றைக் கேள்வி கேட்கச் செய்வோம்.