முத்திரை மோதிரமும் மூன்று பெயர்களும்

(காரமடையில் நமது டிரஸ்ட் நடத்திய மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சில மாதங்களுக்கு முன்னால் நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. சம்பளம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. யாரிடமும் கடன் இல்லை. ஆனாலும் கிரெடிட் கார்டுக்கு மூன்று இடத்தில் எழுதிப் போட்டு, மூன்றும் தள்ளுபடி ஆகிவிட்டன. "நான் நான்தான்னு யாரும் நம்ப மாட்டேங்கறாங்க மாமா" என்றார்.

அவருடைய காகிதங்களை எல்லாம் மேசை மேல் பரப்பிப் பார்த்தேன். ஆதாரில் 'ஏ' என்ற இனிஷியலோடு முகமது இப்ராஹிம். பான் அட்டையில் அத்தா பெயர் முழுசாகச் சேர்ந்து அப்துல் கரீம் முகமது இப்ராஹிம். (பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) பள்ளிச் சான்றிதழில் வெறும் இப்ராஹிம். அதோடு 'முகமது' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் 'ஓ' எழுத்து, இன்னொன்றில் 'யூ' எழுத்து. ஆள் ஒருவர், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

இதில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பள்ளி விண்ணப்பத்தை இருபது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அத்தாவுக்காக நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். 'முகமது' எல்லோருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டு எழுதினேன். ஒரு நிமிஷச் சோம்பல். அந்தப் பிள்ளை இன்று அதற்காக அலைகிறார். இன்றைக்கு இதைப் பேச நான் எழுந்து நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று தோழர்கள் சொன்னார்கள். அதன்பின் வெள்ளியில் மோதிரம் செய்து, அதில் தம் பெயரைப் பொறித்து முத்திரையாகப் பயன்படுத்தினார்கள். அதே வாசகத்தை வேறு யாரும் தங்கள் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். ஹதீஸ் நூல்களில் இது இருக்கிறது. இதில் நமக்கு இரண்டு பாடம். அடையாளத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும். அந்த அடையாளம் அடுத்தவர் கைக்குப் போகாமல் காக்கவும் வேண்டும்.

வங்கி ஏன் இவ்வளவு கேட்கிறது? பணமோசடியைத் தடுக்க 2002ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ரிசர்வ் வங்கி 2016ல் கேஒய்சி விதிகளைத் தொகுத்து வெளியிட்டது. வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் வங்கி கணக்கும் கொடுக்க முடியாது, கார்டும் கொடுக்க முடியாது. நம்மை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்து மனம் நொந்துபோக வேண்டாம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஏற்கப்படும் ஆவணங்கள் ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இவற்றோடு பான் எண்ணும் கேட்பார்கள்.

நம் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தப் பானில்தான். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அத்தா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. பான் விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர் கட்டத்தில் வெறும் இனிஷியலை ஏற்பதில்லை. அதனால் அத்தா பெயர் முழுசாக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். தனிநபராக இருந்தால் அது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நம்மில் பலருக்கு அது அத்தாவின் எழுத்தாகத்தான் இருக்கும். இது தவறல்ல. ஆனால் ஆதாரும் அதே மாதிரி விரிவாக, அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்யுங்கள். அதன்பிறகு திருத்தப் போங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிட்டால் பிறகு சிரமம். அந்தத் தம்பிக்கு வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட் இருந்தது. அதிலும் பானிலும் பெயர் ஒத்துப்போனது. அதைக் காட்டி ஆதாரைத் திருத்தினோம்.

சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தாலும் பழைய ஆவணம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. ஆனால் கூடவே அரசு கொடுத்த திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ வேண்டும். நம் நிக்காஹ் தஃப்தர் நமக்குக் கண்ணியமானது. வங்கிக்கு அது மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தாரின் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நிக்காஹ் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்வரும் பழக்கம் நம்மிடம் வர வேண்டும்.

கார்டு மறுக்கப்பட்டால் என்ன செய்வது? அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று ஓடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் அறிக்கையில் பதிவாகிறது. 300லிருந்து 900 வரை போடும் அந்த மதிப்பெண் இதனாலும் குறையலாம். ஏன் மறுத்தீர்கள் என்று கேளுங்கள். காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. சிபில் போன்ற நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தப்பு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் இன்னொரு சகோதரரின் விஷயம் வெளியே வந்தது. ஆட்டோ ஓட்டுகிறார். பழகிய ஒருவர், "உங்க பேர்ல ஒரு கார்டு எடுத்துக்கறேன், நானே கட்டிடறேன்" என்று சொல்லி ஆதார், பான் நகலும் வந்த ஓடிபியும் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கட்டினார், அப்புறம் ஊரிலேயே இல்லை. இப்போது வசூல்காரர்கள் நிற்பது இவர் வீட்டு வாசலில். கையெழுத்து இவருடையது, எண் இவருடையது, எனவே கடனும் இவருடையது. மோதிரத்தைக் கழற்றி அடுத்தவர் விரலில் போட்டுவிட்டால் இதுதான் நடக்கும்.

அதனால் சொல்கிறேன். ஆதார் நகல் கொடுத்தால் எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடிந்த இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் செயலியிலேயே உண்டு. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி மேனேஜர் என்று சொன்னாலும் சரி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு. வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

இனி வட்டி. கார்டு வைத்திருக்கலாமா என்பதில் ஆலிம்களிடையே பேச்சு உண்டு. நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை, உங்கள் இமாமிடம் கேளுங்கள். கணக்கை மட்டும் சொல்கிறேன். 40,000 ரூபாய் பில் வருகிறது. குறைந்தபட்சம் 2,000 கட்டினால் போதும் என்று அதில் அச்சடித்திருக்கும். மீதி 38,000. மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாத வட்டி 1,330 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் கட்டிய இரண்டாயிரத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் தடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம், நாம்தான் நம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டும். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர் கார்டு வாங்கவே வேண்டாம். அவசரத் தேவை என்றால் நம் பைத்துல் மாலில் வட்டியில்லாக் கடனுக்கு மனுக் கொடுங்கள். எங்கள் சக்திக்கு உட்பட்டு, இன்ஷா அல்லாஹ், செய்வோம்.

அந்தத் தம்பிக்கு ஆதாரும் பானும் இப்போது ஒன்றாகிவிட்டன. பள்ளிச் சான்றிதழ்தான் பாக்கி. அதற்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வர வேண்டும். அந்த வேலைக்கு அவரோடு நானும் அலைகிறேன். என் கை செய்த பிழை, நான் அலைவதுதான் நியாயம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன். வீட்டில் உள்ள எல்லோருடைய ஆவணங்களையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் வாருங்கள். அந்த ஒரு வரியைச் சரியாக எழுதிவிட்டால், இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை யார் முன்னாலும் போய் 'நான் நான்தான்' என்று கெஞ்ச வேண்டி வராது.

அல்லாஹ் நம் பொருளையும் பெயரையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.