சிலுவை காட்டும் அன்பு



நமது தோட்டப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் நடந்த ஒரு சிறு சச்சரவைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே உண்டு. ஆகவே அன்றும் தோட்டத்தில் வேலை உண்டு, பள்ளியும் உண்டு. அந்த வகுப்பில் ஒரே ஒரு கிறிஸ்தவப் பையன். பாட்டியோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமைதான் வகுப்புக்கு வந்தான். ஏன் வரவில்லை என்று தோழர்கள் கேட்டார்கள். "எங்க சாமியைச் சிலுவையில அறைஞ்ச நாள்" என்றான். பக்கத்தில் இருந்தவன் சும்மா இருக்கவில்லை. "சாமிதானே? ஆணியைப் பிடுங்கிப் போட்டுட்டு இறங்கி வரவேண்டியதுதானே!" என்றான். வகுப்பே சிரித்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

சிரித்தவனை அதட்டி உட்கார வைப்பது எளிது. ஆனால் கேள்வி என்னவோ நல்ல கேள்வி. நாம் கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். பயிற்சிக் கல்லூரி நாட்களில் விவிலியத்தை ஓரளவு படித்ததுண்டு, அவ்வளவே. மறுநாள் விடை சொல்வதாகக் கூறி, அன்று இரவு மீண்டும் எடுத்துப் படித்தோம்.

முதலில் சிலுவை என்றால் என்னவென்று பார்ப்போம். இன்று அது கழுத்துச் சங்கிலியில் பொன்னாகத் தொங்குகிறது. அக்காலத்தில் அது ரோமானியர்களின் தூக்குமரம். தூக்குமரத்தை விடவும் கொடியது. உயிர் உடனே போகாது. ரோமக் குடிமகனுக்கு அத்தண்டனையைப் பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது அது. கி.மு. 71இல், ஸ்பார்ட்டகஸ் என்பவன் தலைமையில் கிளர்ந்தெழுந்த அடிமைகளில் பிடிபட்ட சுமார் 6,000 பேரை, கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவைகளில் அறைந்தார்கள். எவரும் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். யூதேயா நாட்டை கி.பி. 26 முதல் 36 வரை ஆண்ட ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. இயேசுவுக்கு அவன் விதித்ததும் இதே தண்டனைதான். 1968ஆம் ஆண்டு எருசலேமில் அகழ்ந்தெடுத்த ஒரு கல்லறையில், அந்த நூற்றாண்டைச் சேர்ந்த வேறொரு மனிதனின் குதிகால் எலும்பு கிடைத்தது. ஆணி அதில் இன்னும் ஏறியபடியே இருந்தது.

இப்படிச் செத்த ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுவதைக் கண்டு அன்றைய உலகமும் சிரித்தது. ரோம் நகரத்தில் பாலட்டைன் என்றொரு குன்று. அங்கிருந்த ஒரு கட்டடத்தின் சுவரில் ஒரு கிறுக்கலை 1857இல் கண்டுபிடித்தார்கள். கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒரு பையன் கையை உயர்த்தி வணங்குகிறான். அலெக்சமேனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்ற பொருள்பட அடியில் எழுதியிருக்கிறது. அரண்மனைப் பணிக்குச் சிறுவர்களைப் பழக்கிய கட்டடம் அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பாருங்கள், அதுவும் ஒரு பள்ளிக்கூடம் போன்ற இடம்தான்!

சரி, ஏன் இறங்கி வரவில்லை? நமது மாணவன் கேட்டதை அவனுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். சிலுவையின் அடியில் நின்று ஏளனம் செய்தவர்கள், நீ கடவுளின் மகனானால் இறங்கி வா என்றுதான் சவால் விட்டார்கள். தப்பிக்க வழி இல்லாமல் அவர் மாட்டிக்கொள்ளவில்லை என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கெத்செமனே தோட்டத்தில் பிடிபட்ட இரவில், தாம் கேட்டால் தந்தை வானதூதர் படைகளையே அனுப்புவார் என்று அவர் கூறியதாக மத்தேயு எழுதியிருக்கிறார். வாளை உருவிய சீடனை அவரே தடுத்தார். அப்படியானால் அவரைச் சிலுவையில் நிறுத்தியது ஆணியன்று. தம்மை அறைந்தவர்களை மன்னிக்கும்படி தந்தையை வேண்டினார். பக்கத்தில் தொங்கிய குற்றவாளிக்கு ஆறுதல் சொன்னார். தம் தாயை ஒரு சீடனிடம் ஒப்படைத்தார். உயிர் போகிற வேளையிலும் பிறரைப் பற்றிய நினைப்பு. அதே வாய்தான், கடவுளே என்னைக் கைவிட்டீரே என்ற பொருளில் கதறவும் செய்தது. அந்தக் கதறலைச் சுவிசேஷம் எழுதியவர்கள் மறைக்கவில்லை. நமக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

இதற்குப் பொருள் சொல்வதில் கிறிஸ்தவப் பெரியோர்களே ஒரு மனதாய் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்செல்ம் என்ற பேராயர், மனிதன் பட்ட கடன் அவனால் அடைக்க முடியாத அளவு பெரிது. கடவுளே மனிதராகி வந்து அதை அடைத்தார் என்று விளக்கினார். கடைக் கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் கடனை அறிந்த நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவருக்குப் பின் வந்த அபெலார்டு என்பவர், கணக்குத் தீர்ப்பதை விட அன்பைக் காட்டுவதே சிலுவையின் நோக்கம். அதைக் காண்கிறவன் நெஞ்சிலும் அன்பு பற்றிக்கொள்ளும் என்றார். கோபங்கொண்ட ஒரு தந்தை, மகனைப் பலி கேட்டு வாங்கினார் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தந்தையும் மகனும் ஒரே கடவுள் என்பது கிறிஸ்தவக் கொள்கை. ஆகவே அடிபட்டவர் கடவுளேதான்; வேறொருவரை அனுப்பித் தாம் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பையனின் பாட்டியைக் கண்டோம். முப்பது ஆண்டு பால் வெட்டிய கை. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டோம்.

"இறங்கி வந்திருக்கலாம் சார்" என்றார். "என் மூத்த மவன் காய்ச்சல்ல கிடந்து செத்தான். அப்ப ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தேன். காப்பாத்த முடியல. ஆனா எந்திரிச்சுப் போவ முடியுமா? அந்த மாதிரிதான் சார்."

அன்செல்மையும் அபெலார்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். வகுப்பில் பாட்டி சொன்னதைத்தான் சொன்னோம். பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு அந்த ரோமச் சுவர்க் கிறுக்கலைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். முந்தின நாள் கேலி செய்தவன்தான் கை தூக்கினான்.

"அந்தப் பையன் என்ன சார் பண்ணான்?"

அதே கட்டடத்தின் பக்கத்து அறையில், வேறொரு கையெழுத்தில், அலெக்சமேனோஸ் விசுவாசமுள்ளவன் என்று எழுதியிருப்பதைச் சொன்னோம்.

அவன் சற்று யோசித்தான்.

"அது அவன் கூட்டாளி எழுதியிருப்பான் சார்" என்றான்.