திருநாளும் கைவேலையும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருநாள்களை இல்லங்களிலே கொண்டாடும் முறை பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். சமய தத்துவங்களை விரித்துரைக்கும் ஆற்றல் எமக்கில்லை. அதற்குரிய பெரியார் பலர் இவ்வவையிலே வீற்றிருக்கின்றனர். பல்கலைக்கழகத்திலே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் நாம் நன்கு அறிந்தது எமது வீடு ஒன்றையே. ஆகவே, யாழ்ப்பாணத்துச் சிற்றூரொன்றிலுள்ள அவ்வீட்டிலே, ஆண்டில் வரும் திருநாள்களுக்கு எவரெவர் கைகள் என்னென்ன செய்கின்றன என்பதைக் கூறி, அதனின்றும் எமக்குத் தோன்றும் கருத்தொன்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

எமது வீட்டிலே செல்வரும் இலர். கலைஞர் என்று பெயர் பெற்றவரும் இலர். அம்மம்மா ஓலை பின்னுவார். அப்பா பாடசாலை ஆசிரியர், படம் கீறுவார். அம்மா தைப்பார். மாமா பட்டம் கட்டுவதிலே வல்லவர். எந்தத் திருநாளாயினும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு பொருளையாவது தம் கையாற் செய்தல் வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதில் விலக்கில்லை.

தை பிறக்குமுன்பே முற்றம் மெழுகப்படும். பொங்கலன்று விடியற்காலையிலே உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவினாற் கோடிட்டுச் சதுரம் வகுப்பது அப்பாவின் வேலை. அதனுள்ளே கோலமிடுவது தங்கையின் வேலை. புதுப்பானையின் கழுத்திலே மஞ்சளிலையும் இஞ்சியிலையும் கட்டுவது சிறுவர் பங்கு. வாயிலுக்குத் தென்னங்குருத்தோலைத் தோரணம் மடிப்பவர் அம்மம்மா. மங்கல வீட்டுத் தோரணத்துக்கு ஒரு மடிப்பு, துக்க வீட்டுத் தோரணத்துக்கு வேறொரு மடிப்பு என்பதை நாம் ஏட்டிலே படித்து அறிந்தோமல்லோம். அவர் விரலைப் பார்த்தே அறிந்தோம்.

வாடைக்காற்று வீசுங் காலம் மாமாவின் காலம். மூங்கிலைப் பிளந்து, சலாகையாகச் சீவி, விரல்மேல் வைத்து இருபுறமும் நிறை ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார். கொக்குப்பட்டம், பிராந்துப்பட்டம், எட்டுமூலைப்பட்டம் என ஒவ்வொன்றுக்கும் கட்டு வேறு, முச்சை வேறு. வில்லாக வளைத்த தடியிலே நாரை இழுத்துக் கட்டினால் அதுவே விண். காற்று மோதும்போது நார் அதிர்ந்து கூவும். இரவிலே பட்டத்தை மரத்திற் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை அவ்வொலி கேட்கும். பொங்கலன்று பிற்பகலிலே குடும்பத்தோடு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குச் சென்று, அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் பட்டப்போட்டியைப் பார்த்துவருவோம். பார்ப்பவர்க்கு அது வேடிக்கை. சலாகை சீவிய விரலுடையார்க்கு அது கல்வியுமாகும்.

சித்திரையிலே மருத்துநீரும் கைவிசேடமும் போர்த்தேங்காயும் ஊஞ்சலும் உண்டு. ஆடிப்பிறப்பிலே கூழும் கொழுக்கட்டையும் உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிவைத்தமையால் அந்நாள் எம் நாட்டுச் சிறுவர் நாவிலே நிலைத்துவிட்டது. அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய கூழைக் குடிக்கப் பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்துவது எமது வேலையாயிருந்தது. ஈர்க்கு இறுகினால் இலை கிழியும். நெகிழ்ந்தாற் கூழ் ஒழுகும்.

நல்லூர்க் கந்தனின் திருவிழா இருபத்தைந்து நாள். அதிலே ஒருநாளாவது அனைவருமாகச் செல்வோம். அம்மம்மா பின்னிய ஓலைப்பெட்டியிலே கட்டுச்சோறு வரும். கோயில் வீதியிலே கச்சான் வாங்கி, அதே பெட்டியில் இட்டுத் திரும்புவோம். நவராத்திரி வந்தாற் சரசுவதி பூசையிலே எம் புத்தகங்களின் அருகே அம்மம்மாவின் சத்தகமும், அம்மாவின் கத்தரிக்கோலும், மாமாவின் கத்தியும் வைக்கப்படும். எழுத்தறிவும் கைத்திறனும் ஒரே தேவியின் அருள் என்பதை இதனினுந் தெளிவாக எவரும் எமக்குக் கற்பித்ததில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றி நாட்டி, பந்தஞ் சுற்றி, கிணற்றடியிலும் படலையிலும் ஒளியேற்றுவோம்.

நிற்க. கிறித்தவப் பாதிரிமார் நிறுவிய கல்லூரியிலே கற்றவர்கள் நாம். மார்கழியிலே அங்கு ஒளிவிழா நடைபெறும். சைவ மாணவராகிய நாமும் வைக்கோலாற் பாலன் குடில் அமைக்கவும், மூங்கிற் சலாகையால் நட்சத்திரக்கூடு கட்டவும் உதவினோம். பின்னர்ப் பல்கலைக்கழக விடுதியிலே சிங்கள நண்பர்கள் எட்டுமுகமுள்ள வெசாக் கூடு கட்டியபோதும் அதே சலாகை, அதே மெல்லிய தாள், அதே பசை. மாமாவிடங் கற்ற கை அங்கும் பயன்பட்டது. ஒருவர் வழிபாடு மற்றவர் வழிபாடு ஆகாது; ஆயினும் ஒருவர் கைவேலையை மற்றவர் கை உடனே அறிந்துகொள்ளும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டிலே வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்களை அத்துணை அன்போடு ஆராய்ந்தார் என்றால், தமிழ்க் குடியிற் பிறந்த அப்பெரியார்க்கு அக்கை அந்நியமாய்த் தோன்றவில்லை என்பதன்றோ பொருள்?

இனி, நாம் கூற வந்த கருத்துக்கு வருவோம். தோரணமும் பட்டமும் பலகாரமும் இன்று கடையிலே கிடைக்கின்றன. நேரமில்லாத காலத்திலே வாங்கினால் என்ன என்று கேட்போர் பலர். வாங்குவது குற்றமன்று. சீனவெடியையும் புத்தாடையையும் நாமும் வாங்குகின்றோம். அயலூர்த் தாயொருத்தி பின்னிய கடகத்தை உரிய விலை கொடுத்து வாங்குவது அவர் தொழிலைக் காப்பதாகும். பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட நோக்கமும் இத்தகைய தொழில்களை வளர்ப்பதன்றோ? ஆனால், எல்லாவற்றையும் வாங்கிவிட்ட வீட்டிலே திருநாளன்று எவரும் எவரருகிலும் அமர வேண்டிய தேவை இல்லாதொழிகின்றது. தோரணம் மடிக்கும் ஒருமணி நேரத்திலேதான் அம்மம்மா எமக்குத் தம் இளமைக் கதைகளைச் சொன்னார். கடைத் தோரணம் வாயிலை நிறைக்கும். அந்த ஒருமணி நேரத்தைத் தராது. அன்றியும், விழாக்களின் அலங்காரத்துக்குப் பொலித்தீனைப் பயன்படுத்தலாகாது என்று 2017ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அரசாங்கமே விதி செய்தது. குருத்தோலை இருக்கும் ஊருக்கு அவ்விதி தேவைப்பட்டமை வருந்தத்தக்கதே.

அம்மம்மா சொன்ன கதைகளுள் ஒன்றைக் கூறுவோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எம் குடும்பமும் அவர்களோடு நடந்தது. பித்தளைப் பானை வீட்டோடு நின்றுவிட்டது. 1996 தைப்பொங்கலுக்குச் சாவகச்சேரிப் பக்கத்து வளவொன்றிலே ஆறு குடும்பங்கள் ஒரே மண்பானையிற் பொங்கின. உலக்கை இல்லை, குடைக்கம்பைக் கிடத்திக் கோடிட்டனர். மாமா பழைய செய்தித்தாளிலே சிறுவர்க்குப் பட்டம் கட்டிக் கொடுத்தார். எதை எடுத்துச் செல்ல முடியாவிடினும் கை அறிந்ததை எடுத்துச் செல்லலாம் என்பதை அந்த வளவு அவர்களுக்குக் காட்டிற்று.

நாம் கண்ணாரக் கண்டது 2022ஆம் ஆண்டுச் சித்திரை. நாடெங்கும் எரிவாயுவும் எரிபொருளும் அரிதாயின. மார்ச் முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டு எம் வீட்டிலே விறகடுப்பு மீண்டும் எரிந்தது. அம்மி மீண்டும் அரைத்தது. வறுமை நல்லது என்று நாம் கூறவில்லை. அது ஒருபோதும் நல்லதன்று. ஆயினும், கை அறிந்த வீட்டிலே புத்தாண்டு நின்றுபோகவில்லை.

இங்கே மற்றோர் உண்மையை மறைத்தல் தகாது. திருநாள் என்றால் ஆடவர்க்கு ஓய்வு, பெண்டிர்க்கு இரட்டிப்பு வேலை என்பதே பல வீடுகளின் நிலை. “உங்களுக்குப் பொங்கல் விடியத்தான் தொடங்கும், எனக்கு மூண்டு நாளைக்கு முந்தியே தொடங்கிப்போடும்” என்று அம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பின் பின்னே இருந்த களைப்பை அப்பா உணர்ந்தார். அன்று தொடங்கித் தேங்காய் துருவுவது அப்பா, மா வறுப்பது தமையனார், பாத்திரம் துலக்குவது மாமா என்று வேலை பங்கிடப்பட்டது. கைவேலை வேண்டும் என்று மேடையிலே பேசிவிட்டு, அவ்வேலை முழுவதையும் தாயின் தலையிலே சுமத்துவது அறமன்று. பயற்றம் பணியாரம் செய்யத் தெரிந்த கை பெண்ணின் கையாகத்தான் இருத்தல் வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

எம் தமையனார் இன்று கனடாவிலே இருக்கிறார். சென்ற பொங்கலுக்கு வெளியே பனி. வீட்டினுள்ளே அடுப்பிற் பொங்கி, பழுப்புக் காகிதத்தாலே தோரணம் மடித்து வாயிலிற் கட்டி, படம் எடுத்து அனுப்பினார். அம்மம்மா படத்தைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். “மடிப்புப் பிழையில்லை” என்றார்.

பெரியோர்களே, அம்மம்மாவின் விரல்கள் இப்போது நடுங்குகின்றன. ஓலையை வார்ந்து கொடுத்தாற் பின்னுவார். வார அவரால் இயலவில்லை. எம் ஊரிலே அவரைப் போல ஓலை அறிந்த ஆச்சிமார் சிலரே உளர். இவ்வறிவு எழுதிவைக்கத் தக்கதன்று. ஒருவர் அருகே மற்றொருவர் இருந்து, பார்த்து, பிழைத்து, மீளச் செய்து பெறுவது. ஒரு தலைமுறை கை நீட்டாவிடின் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார் எவருமிரார்.

ஆதலின் மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். தைப்பொங்கலுக்கும், ஆடிப்பிறப்புக்கும், கார்த்திகை விளக்கீட்டுக்கும் முந்திய வாரத்திலே ஒரு மாலைப்பொழுதை இம்மண்டபத்திலே கைவேலைக்கென ஒதுக்குங்கள். ஊர் ஆச்சிமாரையும் அப்புமாரையும் ஆசிரியராக அழையுங்கள். தோரணம் மடித்தல், பலாவிலை கோலுதல், விண் கட்டுதல், பந்தஞ் சுற்றுதல் ஆகிய இவற்றை ஆண் பெண் என்ற வேறுபாடின்றி எல்லா உறுப்பினரும் கற்போம். செலவு மிகச் சிறிது. ஓலையும் ஈர்க்கும் எம் வளவுகளிலேயே உண்டு. தோழர்களே, உங்களுக்கும் ஒன்று கூறுவோம். வருந் திருநாளுக்கு ஒரு பொருளையேனும் உங்கள் கையாற் செய்யுங்கள். அதைச் செய்யும்போது வீட்டிலே முதியவர் ஒருவரின் அருகே அமருங்கள்.