வேர் உரைக்க, இலை அறியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. செடிகளும் மரங்களும் தனக்குச் சிரம் பணிவதை அவன் சூரத்துர் ரஹ்மானில் நினைவூட்டுகின்றான். வாய் பேசாத அப்படைப்புகளிடம் நமக்கு ஒரு பாடம் உண்டு.

இலையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே இலை கரியமில வாயுவை ஏற்று உணவு சமைக்கின்றது. அவ்வழியே நீரும் ஆவியாகி வெளியேறுகின்றது. ஒவ்வொரு துளைக்கும் இரு காவற் செல்கள் கதவுகளாக நிற்கின்றன.

மண் வறண்டால் அதனைத் தொட்டு அறிவது வேர். கதவை மூட வேண்டியதோ மேலேயுள்ள இலை. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானிகள், இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் தூதினை 2018-ல் வெளியிட்டனர். வறட்சியை உணர்ந்த வேர், மிகச் சிறிய புரதத் துணுக்கொன்றை இலைக்கு அனுப்புகின்றது. அது சேர்ந்ததும் இலையில் அப்சிசிக் அமிலம் பெருகுகின்றது. காவற் செல்கள் தளர்ந்து துளைகள் மூடுகின்றன. நீர் மிஞ்சுகின்றது; ஆனால் உணவு குறைகின்றது, வளர்ச்சி தாமதிக்கின்றது. வேரின் தாகத்திற்காக இலை நோன்பிருக்கின்றது. ஸுப்ஹானல்லாஹ்!

சகோதரர்களே! முஃமின்களை ஓருடலுக்கு ஒப்பிட்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நம் நிலை என்ன? சென்ற ஆண்டு நம் மஹல்லாவில், கணவரை இழந்த சகோதரி ஒருவர் வீட்டில் பல நாட்கள் அடுப்பெரியவில்லை என்பதை மிகப் பிந்தியே அறிந்தோம். அவ்வேளை பைத்துல்மாலில் பணம் இருந்தது. அண்டை வீட்டார் அறிந்திருந்தனர். வெளியே சொன்னால் அவருடைய மானத்திற்குப் பங்கம் நேருமோ என்று தயங்கினர். அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. நாமும் நாள்தோறும் பஜ்ருக்கு அவ்வாசலைக் கடந்தே வந்தோம்; நின்று நலம் வினவவில்லை. வேர் அறிந்திருந்தது, செய்திதான் இலையை எட்டவில்லை.

ஆகவே வேண்டுகின்றோம்: பக்கத்து வீட்டின் வறுமையை அறிந்தவர் அதனைத் தனிமையில் நம்மிடமோ முத்தவல்லி அவர்களிடமோ தெரிவியுங்கள். உதவி பெறுவோர் பெயர் எந்த அறிக்கையிலும் அச்சேறாது. இது புறம் பேசுதல் அன்று; அமானிதம். வசதியுள்ளோரே! செய்தி வந்தடைந்தபின் நம் செலவினைச் சற்றே சுருக்கிக் கொள்வோம். இலை செய்வதை நாம் செய்யலாகாதா?

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.