வெளிநாட்டு முதலீடு: பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

(சிங்கப்பூர், ஜாலான் புசாரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு நேரடி முதலீடு என்றதும் இது முதலாளிமார் சமாச்சாரம், நமக்கென்ன என்று எழுந்து போய்விடாதீர்கள். நம் பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததே வெளிநாட்டு முதலீட்டால்தான். ரப்பர் தோட்டங்களுக்குப் பணம் போட்டவை லண்டன் கம்பெனிகள். பால்மரம் வெட்டியவன் தமிழன். முதலீடு யாருடையது, உழைப்பு யாருடையது, பலன் யாருக்கு என்ற கேள்வி நமக்கு நூறு வருடப் பழையது.

இன்று நான் இரண்டு நாடுகளை ஒப்பிடப் போகிறேன். ஒன்று நாம் இருக்கும் சிங்கப்பூர். மற்றொன்று நம் சொந்தக்காரர்கள் இருக்கும் மலேசியா. 1965 ஆகஸ்ட் 9 வரை இரண்டும் ஒரே நாடு.

பிரிந்த பிறகு சிங்கப்பூரிடம் தோட்டமும் இல்லை, ஈயமும் இல்லை. 1961லேயே தொடங்கிய பொருளியல் வளர்ச்சிக் கழகம் வெளிநாட்டுக் கம்பெனிகளை வீடு தேடிப் போய் அழைத்தது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. அதன் தொழிற்சாலை தூரத்தில் இல்லை, இதோ பக்கத்துக் காலாங் பேசினில்தான். மலேசியா 1971ல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் போட்டது. 1972ல் பினாங்கு பாயான் லெப்பாசுக்கு இன்டெல் வந்தது.

இரு பக்கமும் இதற்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். சிங்கப்பூரில் 1968ம் ஆண்டுச் சட்டங்கள் தொழிற்சங்கம் பேரம் பேசும் எல்லையைச் சுருக்கின. மலேசியாவில் மின்னணுத் தொழிலாளருக்கு நாடு தழுவிய சங்கம் மறுக்கப்பட்டது. 1988ல் கிடைத்ததும் அந்தந்தத் தொழிற்சாலைக்குள்ளான சங்கம் மட்டுமே.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி என்று நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் எப்போதும் முன்னால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1985ல் ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏறத் தொடங்கியதும் ஜப்பானியக் கம்பெனிகள் மலிவான இடம் தேடின. மலேசியாவும் 1986ல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தோடு கதவைத் திறந்தது. ஐ.நா.வின் அங்டாட் அமைப்புக் கணக்கில், 1992ல் மலேசியாவுக்கு வந்தது சுமார் 5 பில்லியன் அமெரிக்க டாலர். சிங்கப்பூருக்கு சுமார் 2 பில்லியன்தான். பிறகு 1997 நெருக்கடி வந்தது, சீனா எழுந்தது. 2001ல் மலேசியாவுக்கு அரை பில்லியனைச் சற்றே தாண்டித்தான் வந்தது, சிங்கப்பூருக்கோ 10 பில்லியனுக்கும் மேல். 2022ல் சிங்கப்பூருக்கு சுமார் 140 பில்லியன், மலேசியாவுக்கு சுமார் 17 பில்லியன்.

தலைக்கு வகுத்தால் 2022ல் சிங்கப்பூரில் ஆளுக்குச் சுமார் 25,000 அமெரிக்க டாலர். உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் 1,25,000. எங்கே அந்தப் பணம்? யார் பையில் இருக்கிறது?

சிரிக்கிறீர்கள். ஆனால் பதில் முக்கியம். இந்தக் கணக்கில் வருவதெல்லாம் தொழிற்சாலை கட்டிய பணம் அல்ல. கம்பெனி இங்கே சம்பாதித்து இங்கேயே மறுபடி போட்ட லாபம், தாய்க் கம்பெனி கிளைக்குக் கொடுத்த கடன், எல்லாமே முதலீடுதான். சிங்கப்பூருக்கு வருவதில் பெரும்பங்கு நிதித் துறைக்கும், பங்குகளை வைத்திருக்க மட்டுமே அமைத்த கம்பெனிகளுக்கும் போகிறது. அதில் கணிசமான தொகை இங்கே தங்காமல் இந்தியா, இந்தோனேசியா, மலேசியா என்று மறுபடி வெளியே போகிறது. ஆகவே எண் பெரிதாக இருப்பதாலேயே வேலை பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1971ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை கம்பெனிப் பங்குகளில் 30 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்று இலக்கு வைத்தது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி தோட்டக் கம்பெனியை மலேசியா கைப்பற்றியது. வெள்ளைக்காரனிடமிருந்து நாடு மீட்ட சொத்து, நல்லதுதான். ஆனால் லயத்தில் இருந்த தமிழன் லயத்திலேயே இருந்தான். பிறகு தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, அந்த லயமும் போயிற்று.

இதில் ஒரு வேதனை உண்டு. ஏற்றுமதி செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி முழு உரிமையோடு தொழில் நடத்த 1986லேயே வழி பிறந்தது. 2009ல் 27 சேவைத் துணைப்பிரிவுகளிலும் பங்கு விதி தளர்ந்தது. வெளியிலிருந்து வந்த முதலாளிக்காக வளைந்த விதி, தலைமுறை தலைமுறையாய் அங்கேயே உழைத்தவன் கேட்டபோது எவ்வளவு வளைந்தது? 2007 நவம்பர் 25ல் கோலாலம்பூர் வீதியில் இண்ட்ராப் பின்னால் ஆயிரமாயிரமாய்த் தமிழர் திரண்டதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2025 ஜனவரி 7ல் ஜோகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன்மிகு வேலைகள் என்பது இலக்கு. மறுநாளே, ஜனவரி 8ல், சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், மதம், மொழி பார்த்து வேலை மறுப்பதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 25 பேருக்குக் குறைவானவர்களை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும் ஆரம்பத்தில் விலக்கு. அந்தச் சிறு கடைகளிலும் பட்டறைகளிலும்தானே நம்மவர் பலர் வேலை கேட்டு நிற்கிறார்கள்!

இந்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. முதலீடு வருகிறது என்று செய்தி வந்தால் தொகையை மட்டும் கேட்டு மகிழாதீர்கள். எத்தனை வேலை, என்ன சம்பளம், யார் பிள்ளைக்குப் பயிற்சி, யார் குடியிருந்த நிலம் என்று கேளுங்கள். ஜோகூரில் இருக்கும் உறவினருக்குச் சொல்லுங்கள்: பிள்ளைகளைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பட்டும், பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இல்லாதவர்கள் இப்போதே மனுப் போடட்டும். திறன்மிகு வேலை என்று வாசலில் எழுதிவிட்டால், தாள் இல்லாதவன் உள்ளே போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்துத் தெருக்களை நிறைக்கும் தமிழகத் தொழிலாளித் தம்பிகளையும் மறந்துவிடாதீர்கள். முதலீட்டுக் கட்டடங்களைத் தூக்கி நிறுத்தியது அவர்கள் தோள். அவர்கள் உரிமை வேறு, நம் உரிமை வேறு அல்ல.

ரப்பர் வந்தபோது நாம் கேட்கவில்லை, சில்லு வந்தபோதும் கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்போம்.